பாத்தின் வராத அக்கா

மன்னிப்பைத் தவணை முறையில் கொடுத்த ஒரே ஆளை நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில்தான் பார்த்தேன். எழுபதுகளின் கடைசியில் அவர் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். எனக்கு ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. அவருக்கு அரசாங்க அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருந்தார். எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் அக்காதான். முதுகுக்குப் பின்னால் மட்டும் 'ஸாஹிர் அக்கா'.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னாலே ஆளைப் பாதி சொன்ன மாதிரி. பின்வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு மலாய்க்காரக் குடும்பம் இருந்தது. ஹரி ராயா அன்று அந்த வீட்டு மக்சிக், அதாவது அத்தை, ஒரு தட்டில் கெத்துப்பாட் சோற்றுக்கட்டியும் ரெண்டாங் இறைச்சிக் கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு "மாஃப் ஸாஹிர் பாத்தின்" என்பார். மலாய்க்காரர்கள் பெருநாளன்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வார்த்தைதான் அது. நாமெல்லாம் தலையாட்டிவிட்டு ரெண்டாங்கை ஒரு கை பார்ப்போம். அக்கா ஒரு வருஷம் விடவில்லை. ஸாஹிர் என்றால் என்ன, பாத்தின் என்றால் என்ன என்று மக்சிக்கை வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார். ஸாஹிர் வெளியே தெரிவது, பாத்தின் உள்ளே இருப்பது. வெளியேயும் உள்ளேயும் என்னை மன்னித்துவிடு என்று அர்த்தம் என மக்சிக் பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க அக்காவுக்கு வேறு பேச்சே இல்லை.

"பாரேன், எவ்ளோ அழகாப் பிரிச்சு வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்க 'மன்னிச்சிட்டேன்'னு ஒரே வார்த்தையில ரெண்டையும் போட்டு மூடிர்றோம் லா. உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

அதிலிருந்து பிடித்துக்கொண்டது. யார் மேல் வருத்தம் இருந்தாலும், மனதில் எவ்வளவு வந்திருக்கிறதோ அவ்வளவு மன்னிப்பைத்தான் கொடுப்பார். மீதி வந்ததும் தேடி வந்து கொடுப்பார். கேட்டவர்களுக்குக் கொடுத்தால் பரவாயில்லை. கேட்காதவர்களுக்கும் கொடுத்ததுதான் தொல்லை.

பாடகர் குழுவில் ஒரு டீச்சர் இருந்தார். அக்கா பாடினால் பழைய பஸ் பிரேக் போட்ட மாதிரி இருக்கிறது என்று யாரிடமோ சொல்லிவிட்டார். சபையில் சொன்னது காதுக்கு வராமல் இருக்குமா? அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நிற்கும்போது அக்கா நேரே போனார்.

"டீச்சர், நீங்க என்னைப் பத்திச் சொன்னது தெரியும். மன்னிச்சிட்டேன். ஆனா ஸாஹிர் மட்டும்தான். பாத்தின் இன்னும் வரலை. வந்ததும் சொல்றேன்."

டீச்சருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சில வாரம் கழித்து ஒரு காலையில் நானும் அக்காவும் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். டீச்சர் எதிர்க்கடையில் குனிந்து இறால் பொறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா திடீரென்று நெஞ்சில் கைவைத்து ஒரு நொடி நின்றார். பிறகு அத்தனை கூட்டத்துக்கும் கேட்கக் கூவினார்: "டீச்சர்! வந்திருச்சு லா! பாத்தின் வந்திருச்சு!"

மீன்கடைச் சீனர் என்ன வந்தது என்று வானத்தைப் பார்த்தார். டீச்சர் இறாலைப் போட்டுவிட்டு நடந்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதன்பிறகு அக்கா அந்த டீச்சரைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை. உள்ளே வந்தது என்றால் வந்ததுதான்.

எனக்கும் கிடைத்திருக்கிறது. அவருடைய வெள்ளைச் சேலை ஊறிக்கொண்டிருந்த வாளியில் என் புதுச் சிவப்புக் கைலி எப்படியோ விழுந்து, சேலை ரோஸ் நிறமாகிவிட்டது. ஸாஹிர் உடனே கிடைத்தது. பாத்தினுக்காக ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் தலைகுனிந்து உட்கார்ந்தேன். கடைசியில் நான் குளித்துக்கொண்டிருக்கும்போது குளியலறைக் கதவைத் தட்டினார். "வந்திருச்சும்மா! குளிச்சிட்டு நிம்மதியா வா!" உடம்பில் சோப்போடு நின்று நான் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்படிச் சொல்லும்போது அவர் ஒரு வேடிக்கையான மனுஷியாகத் தெரியலாம். கூட இருந்தவளுக்கு அப்படி இல்லை. எனக்கு இயல்பிலேயே பொறுமை குறைவு. அக்காவோ ஓர் இடத்தில் ஐந்து நிமிஷம் உட்காராத பிறவி. சாப்பிடும்போது எழுந்து ஜன்னல் திரையைச் சரிசெய்வார். ஜெபம் செய்யும்போது ஒரு கண்ணைத் திறந்து அடுப்பைப் பார்ப்பார். யார் மனதிலும் எதுவும் தீராமல் கிடக்கக் கூடாது. கிடந்தால் தோண்டுவார். ஒரு தடவை எனக்குக் கடுமையான காய்ச்சல். லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டார், கஞ்சி வைத்துக் கொடுத்தார். அதற்கெல்லாம் நான் அவருக்குக் கடன்பட்டவள். ஆனால் வாய் ஓயவில்லை.

"மனசுல ஏதாச்சும் வச்சிருக்கியா? வீட்ல யார் கூடவாச்சும் சண்டையா? சொல்லிரு. சொன்னா காய்ச்சல் எறங்கும். உங்கம்மாகிட்ட ஒழுங்காப் பேசுறியா? போன தடவை ஊருக்குப் போனப்ப என்ன பேசினீங்க?"

நான் தூங்குவதுபோல் நடித்தேன். தூங்குகிறவளிடமும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அன்பு இப்படியும் ஆளைக் களைப்பாக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எல்லாரையும் மன்னிக்கத் துரத்திய இந்த அக்கா, பல வருஷமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. வரிசை வரிசையாக எழுந்துபோய்ப் பீடத்தின் முன்னால் முழங்கால்படியிட்டு, ரொட்டித் துண்டையும் சின்னக் கிண்ணத்தில் திராட்சரசத்தையும் வாங்கிக்கொள்வோம். எங்கள் வரிசை எழும்போது அக்கா கால்களை ஒதுக்கி எங்களுக்கு வழிவிட்டுவிட்டு, பாட்டுப் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் மட்டும் நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். பார்த்தால் எனக்கு ரொட்டி இறங்காது.

காரணம் ஊருக்கே தெரியும், அவரே சொல்லியிருந்தார். கிள்ளானில் அவருக்கு ஒரு தங்கை. அவர்களுடைய அம்மா தங்கையோடுதான் இருந்தார். அந்த அம்மா உடம்பு முடியாமல் கிள்ளான் ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து இறந்துபோனார். இறந்த பிறகுதான் தங்கை அக்காவுக்குத் தகவல் சொன்னார். "ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் குடுக்கிறவ நான். என் அம்மா சாகுறாங்கன்னு எனக்கு ஒரு போன் வரலை" என்பார் அக்கா. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தணிந்துவிடும். தங்கைக்கு ஸாஹிர் கொடுத்தாயிற்று. பாத்தின் வரவில்லை. பாத்தின் வராமல் பீடத்துக்குப் போவது ஆண்டவரிடம் பொய் சொல்வது என்பது அவர் கட்சி.

போதகர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சிஸ்டர், நம்ம மனசு சுத்தமானப்புறம் போறதுக்கு அது பரிசளிப்பு விழா இல்ல. கிருபை. தகுதி இல்லாதவங்களுக்குத்தான் வச்சிருக்கு."

"அது சரி பாஸ்டர். ஆனா காணிக்கைய அங்கயே வச்சிட்டு முதல்ல போய் சகோதரனோட ஒப்புரவாகுன்னு இயேசு சொல்லியிருக்காரே. என் தங்கச்சி மேல எனக்குக் குறை இருக்கு. அத வச்சிக்கிட்டு நான் எப்படிப் போவேன்?"

போதகர் கொஞ்சம் தயங்கினார். "அந்த வசனத்த இன்னொரு தடவை படிங்க சிஸ்டர். உங்களுக்கு அவங்க மேல குறை இருந்தா போன்னு இல்ல. அவங்களுக்கு உங்க மேல குறை இருந்தா போன்னுதான் இருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான் பாஸ்டர். டீ ஆறுது, குடிங்க."

போதகர் டீயைக் குடித்தார். போகும்போது, நீங்கள் வந்து இப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம், ஆனால் ஸாஹிர் கொடுத்துவிட்டேன் என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினார் அக்கா.

முதல் ஞாயிறுகளில் ஆராதனை முடிந்த கையோடு அக்கா கிள்ளானுக்கு பஸ் ஏறிவிடுவார். தங்கை வீட்டுக்குத்தான். "போய்ப் போய்ப் பழகினா உள்ள எறங்கும்" என்பது அவர் கணக்கு. என் பெற்றோர் கேரி தீவில் எஸ்டேட்டில் இருந்தார்கள். நானும் கிள்ளான் போய்த்தான் வேறு பஸ் மாற வேண்டும். அதனால் பல தடவை ஒன்றாகப் போயிருக்கிறோம். பஸ்ஸிலும் அவர் சும்மா இருக்க மாட்டார். ஷா ஆலம் பக்கம் செம்மண்ணை வெட்டிக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்த காலம். அதைக் காட்டி ஏதாவது சொல்வார், பாதியில் எழுந்து டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்வார், திரும்பி வந்து மடியிலுள்ள டிபன் கேரியரைத் திறந்து மூடுவார். கிள்ளான் நெருங்க நெருங்கப் பேச்சு குறையும். கேரியரின் கைப்பிடியை மட்டும் இறுக்கிப் பிடித்திருப்பார்.

தங்கையை நான் சின்னக்கா என்று கூப்பிடுவேன். பாலர் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட். சின்னக்கா அதிகம் பேசாதவர். அக்கா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார்: "இன்னும் ஸாஹிர்தான்." மருந்துக் கடையில் சரக்கு வரவில்லை என்று சொல்கிற குரல். சின்னக்கா ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. "சரிக்கா. உள்ள வா, சாப்பிடலாம்" என்பார். அக்கா உள்ளே போய் மூடிகளைத் திறந்து பார்ப்பார். உப்பு குறைவு என்பார். அலமாரியில் டின்களை இடம் மாற்றுவார். இவ்வளவு நடந்தும் சின்னக்கா ஒவ்வொரு முதல் ஞாயிறும் அக்காவுக்குப் பிடித்த மீன் குழம்பைத்தான் வைத்திருப்பார். அந்தப் பொறுமை எனக்கு எரிச்சலாக இருக்கும். தப்புச் செய்தவள் அடங்கித்தான் போவாள் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஒரு முதல் ஞாயிறு, யாரும் எதிர்பாராமல் அக்கா திருவிருந்துக்கு எழுந்துவிட்டார். எங்கள் வரிசை போய்த் திரும்பி, கடைசி வரிசையும் உட்கார்ந்த பிறகு, தனியாக எழுந்து நடந்தார். பாடகர் குழு பாட்டை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது. போதகர் மூடி வைத்த தட்டை மறுபடி திறந்தார். அக்கா முழங்கால்படியிட்டு இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் போதகர் ஆவலை அடக்க முடியாமல் கேட்டார்.

"பாத்தின் வந்திருச்சா சிஸ்டர்?"

"குடுக்கிறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல பாஸ்டர். வாங்கத்தான் வந்தேன்."

சபையில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். தங்கை காலில் விழுந்திருப்பாள் என்றார்கள். ஆண்டவர் கனவில் பேசியிருப்பார் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. முந்தின மாதம் கிள்ளானில் நான் இருந்தேன்.

அன்று நல்ல மழை. கேரி தீவுக்கு பஸ் மாறப் போகாமல், மழை விடட்டும் என்று நானும் சின்னக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்தாயிற்று. சின்னக்கா அடுக்களையில் தரையில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அது அவர்கள் அம்மா இறந்த மாதம். அக்கா அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"இந்த வருஷமாச்சும் உனக்குப் பாத்தின் குடுத்திரலாம்னு பார்க்கிறேன். முடியல. பக்கத்து வீட்ல போன் இருந்துச்சு. ஆஸ்பத்திரில போன் இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேன்ல?"

"அதுக்குத்தான் சொல்லல" என்றார் சின்னக்கா.

"எதுக்கு?"

"நீ ஓடி வந்திருப்ப. அதுக்குத்தான்."

அக்காவின் கை துணியோடு நின்றது. சின்னக்கா கத்தியைக் கீழே வைத்தார். அவர் முகம் சிவந்திருந்தது. சொல்லியிருக்கக் கூடாது என்பதும், இனி சொல்லாமல் இருக்க முடியாது என்பதும் அந்த முகத்தில் தெரிந்தது.

"அம்மாதான் கேட்டுக்கிட்டாங்க. 'பெரியவளுக்குச் சொல்லாத. அவ வந்தா கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பா. எனக்குத் தெம்பு இல்ல. நிம்மதியாப் போறேன், முடிஞ்சதும் சொல்லு'ன்னாங்க."

"பொய்."

"பொய்யா இருந்தா எனக்கும் நல்லா இருக்கும்க்கா."

எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. மழை கொட்டியது, எங்கே ஓடுவது? காய்ச்சலில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்த என்னை நினைத்துக்கொண்டேன். அந்த அம்மா சொன்னது பொய்யாக இருக்காது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததே பாவமாகப் பட்டது.

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?" அக்காவின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சொல்லி? என் மேல கோவம்னா மாசா மாசம் பஸ் ஏறி இங்க வர்ற. திட்டுற, சாப்பிடுற, போற. அம்மா மேல கோவம்னா எங்க போவ? கல்லறையில போய் நின்னு ஸாஹிர் பாத்தின்னு பேசுவியா? சரி, என் மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்." சின்னக்கா மூக்கை உறிஞ்சினார். "ஆனா ஒவ்வொரு மாசமும் வாசல்ல நின்னுக்கிட்டு இன்னும் ஸாஹிர்தான்னு சொல்லுவியே, எனக்கு எப்படி இருக்கும்னு ஒரு நாளாச்சும் கேட்டியா? ஊர்ல எல்லாரையும் என்னென்னமோ கேட்கிற. என்னைக் கேட்டதே இல்ல."

போதகர் டீ குடித்துக்கொண்டு சொன்ன வசனம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னிக்கிறேன் மன்னிக்கிறேன் என்று மாதாமாதம் பஸ் ஏறி வந்தவரை, அவருக்குத் தெரியாமலே ஒருத்தி மன்னித்துக்கொண்டு, மீன் குழம்பும் வைத்துக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பிரசங்கத்தில் கிருபை என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அது உப்பு குறைவாக, கிள்ளானில் ஓர் அடுக்களையில் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடங்கிப்போகிறவள் என்று அவரைப் பற்றி நினைத்த எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்தார். சிதறிக் கிடந்த பயற்றங்காயை ஒரு பக்கமாக ஒதுக்கினார். பிறகு கேட்டார்.

"அம்மா என்னைப் பத்தி வேற ஏதாச்சும் சொன்னாங்களா?"

சின்னக்கா யோசித்தார். ஒரு பொய் சொன்னால் என்ன, பெரியவளை நல்லா பார்த்துக்கோ என்று சொன்னதாக ஒரு சின்னப் பொய் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"இல்லக்கா. வேற ஒண்ணும் சொல்லல."

அக்கா எழுந்து பின்பக்கம் குளியலறைக்குப் போனார். தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. சின்னக்கா போய்க் கதவருகில் நின்றார், தட்டவில்லை. மழை விட்டது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் பையை எடுத்து, அதை மறுபடி கீழே வைத்து, மறுபடி எடுத்தார். எத்தனை பேரிடம் எவ்வளவு லேசாக மன்னிப்பைப் பற்றிப் பேசியவர்! தனக்கு என்று கேட்க வரும்போது வாய் திறப்பதும் மூடுவதுமாக நின்றார்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகுதான் திரும்பினார். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை, ஈரமான கேட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அடுத்த மாசம் நான் வரலாமா?"

அவர் யாரிடமும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. அக்காவின் விரல்கள் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தன. வேண்டாம் என்று சொல்லவும் சின்னக்காவுக்கு உரிமை இருந்தது. சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சின்னக்கா படியிறங்கி வந்து கேட்டைத் திறந்துவிட்டார்.

"வாக்கா. ஆனா மன்னிக்கிறதுக்குன்னு வராத. சும்மா வா."